சாட்சி சொல்லக் கற்றுக்கொடுத்தவள்

பையைக் கீழ வைக்காதீங்க தங்கச்சி, நேத்துப் பேஞ்ச மழைத் தண்ணி பஸ்ஸுக்குள்ள இன்னும் நிக்கிது. இங்ஙன என் பக்கத்துல வையுங்க. கழுகுமலையில எறங்குறீகளா? நான் சங்கரன்கோயில். பத்தரைக்குக் கூட்டம். இந்த வண்டி போற போக்கப் பாத்தா ஆண்டவர் வருகைக்கு முந்திப் போய்ச் சேந்துருமான்னு தெரியல.

வேதப்புத்தகத்தப் பாத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீக. பாத்தேன், பாத்தேன். பயப்படாதீங்க, நான் நோட்டீஸ் குடுக்க மாட்டேன். வேற நாளா இருந்தா குடுத்திருப்பேன். இன்னைக்கு நான் இருக்கிற நெலமையில எனக்கு யாராச்சும் ஒரு நோட்டீஸ் குடுத்தாத் தேவல.

என் பேரு லீதியாள். பெத்தவுக வச்சது பேச்சியம்மா. இருபத்திரெண்டு வருசத்துக்கு முந்தி முழுக்கு, அதான் ஞானஸ்நானம், எடுத்தப்ப பாஸ்டர் மாத்தி வச்சாரு. கோயில்பட்டியில கிருபாசனம் ஜெபவீடு, அதான் எங்க சபை. முந்தி அது தீப்பெட்டி ஆபீஸு. நானே அங்க குச்சி அடுக்கியிருக்கேன். இன்னமும் மழை பேஞ்சா செவுத்துல மருந்து வாட அடிக்கும்.

சபையில என் வேலை, புதுசா வாரவுகளப் பாத்துக்கிடுறது. வாசல்லயே நின்னு, கையப் பிடிச்சுக் கூட்டியாந்து முன்வரிசையில ஒக்கார வைக்கணும். பழைய ஆளுக எல்லாரும் பின்னாலதான். புதுசா வந்தவுகளுக்குத்தான் முன்வரிசை, அவுகளுக்குத்தான் ஃபேனு. பேரு கேக்கணும், என்ன கஷ்டம்னு கேக்கணும், அழுதா கூடச் சேந்து அழுகணும். எனக்குச் சட்டுனு அழுக வரும், அது ஆண்டவர் குடுத்த வரம்.

நீங்களே சொல்லுங்க, எங்க தங்கச்சி புதுசா வந்தவள முன்னால ஒக்கார வைக்காக? எங்க ஊர்க் கோயில்ல எங்க தெரு ஆளுக வாசப்படியோட சரி. அதுக்கு மேல கால வச்சாப் பஞ்சாயத்து. இங்க வந்த முத நாளு பாஸ்டர் எந்திரிச்சு நின்னு "வாங்கம்மா, ஒக்காருங்க"ன்னாரு. அதுவரைக்கும் என்னை ஒருத்தன் "வாங்க"ன்னு சொன்னதில்ல. போ, வா, ஏ புள்ள, இம்புட்டுத்தான். அந்த ஒரு "வாங்கம்மா"வுக்கே நான் விழுந்துட்டேன். பொய் சொல்லல. அதனால எங்க சபையப் பத்தி யாரும் கொறச்சலாப் பேசுனா எனக்குக் கோவம் வந்துரும். இப்ப நான் சொல்லப்போறதையும் கொறச்சலா எடுத்துக்கிடாதீங்க.

அது போக எனக்கு இன்னொரு வேலையும் இருக்கு. சாட்சி. கோர்ட்டுச் சாட்சி இல்ல. ஆண்டவர் தனக்குச் செஞ்ச நன்மைய மைக்கப் பிடிச்சுச் சபைக்கு முன்னால சொல்றது. முழுக்கு எடுக்குறதுக்கு முந்தி ஒவ்வொருத்தரும் சொல்லணும், அது எங்க சபை வழக்கம். சொன்னாத்தான் நம்ம ஆளு. புதுசா வந்ததுகளுக்கு எப்படிச் சொல்லணும்னே தெரியாது. "எல்லாருக்கும் வணக்கம்"னு ஆரம்பிச்சு, "ஆண்டவருக்கு நன்றி"ன்னு முடிச்சுட்டு எறங்கி ஓடிரும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு சொல்லுவாகள்ல, அதான். பாஸ்டரம்மா பாத்தாக, "லீதியாளு, நீ நல்லாச் சொல்லுற, இதுகளுக்கும் சொல்லிக்குடு"ன்னு அதையும் என் தலையில கட்டிட்டாக.

நான் சொல்லிக்குடுக்குறது ஒண்ணே ஒண்ணுதான். மொதல்ல இருட்டக் காட்டு, அப்புறம் வெளக்க ஏத்து. இருட்டு எம்புட்டுக் கெட்டியோ அம்புட்டுக்கு வெளக்கு எரியும். இருட்டுக்கு ஒரு ஆள் வேணும். புருசன் குடிகாரன்னா வேலை லேசு. மாமியா சூனியம் வச்சான்னா அதவிட லேசு. இந்தச் செண்பகவல்லிக்குத்தான் ஆளே கெடைக்கல.

செண்பகவல்லி யாருன்னு சொல்லலையே. முப்பது முப்பத்திரெண்டு வயசிருக்கும். புருசன் வடக்க லாரி ஓட்டப் போயிருவான், நல்ல பையன், ஒரு பீடி கூடக் கெடையாது. நாலு வயசுல ஒரு பொம்பளப் புள்ள, தர்ஷினின்னு பேரு. அந்தப் புள்ளைக்கு வலிப்பு. போன தை மாசம் ஜெபத்துக்குத் தூக்கிட்டு வந்தா. வாசல்ல நான்தான் நின்னேன். புள்ளையக் கையில வாங்குனேன், கோழிக்குஞ்சு மாதிரி ஒதறிக்கிட்டு இருந்துச்சு. எனக்குப் புள்ள குட்டி கெடையாது தங்கச்சி. அந்தப் புள்ள என் தோள்ல தலையச் சாச்சதுல இருந்து எனக்கு அதுக ரெண்டு பேரையும் விட மனசில்ல. செண்பகம் நம்ம சபையிலயே இருக்கணும், முழுக்கு எடுக்கணும், எங்கயும் போயிரக் கூடாது. அதுதான் என் மனசுல. வேற எந்தக் கெட்ட எண்ணமும் இல்ல.

அன்னைக்கு ஜெபிச்சதுக்கு அப்புறம் புள்ளைக்கு வலிப்பே வரல. ஸ்தோத்திரம்! மாத்திரையும் குடுத்துக்கிட்டுதான் இருந்தா, அது இருக்கட்டும். திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரி மாத்திரை. மாசம் ஒருக்கா அவ அம்மாதான் வரிசையில நின்னு வாங்கியாந்து குடுக்கும். மாடத்தின்னு பேரு. கயத்தாத்துப் பக்கம் ஒத்தையில இருந்துக்கிட்டு கடலை ஒடைக்கப் போகுது.

மாசி மாசம் ஒரு நாளு புள்ளையக் குளிப்பாட்டும்போது பாத்தேன், இடுப்புல கறுப்புக் கயிறு, அதுல செம்புத் தாயத்து. "இத யாருடி கட்டுனது?"ன்னேன்.

"எங்கம்மா கட்டுனதுக்கா. அதுக்குள்ள..."

"அதுக்குள்ள என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

சொல்ல விட்டிருக்கலாம். என்ன கொறஞ்சு போச்சு, ஒரு வார்த்தை சொல்ல விட்டிருந்தா?

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சபை முத்தத்துல தீயப் போட்டு, தாயத்தக் கல்லு வச்சு நசுக்குனோம். நான்தான் நசுக்குனேன். வாய் பிளந்து, உள்ள இருந்து கருப்பாச் சுருண்ட ஒண்ணு தீயில விழுந்துச்சு. விழுந்ததும் சுர்ருன்னு ஒரு சத்தம், மயிர் கருகுன மாதிரி ஒரு நாத்தம். "போயிருச்சு, போயிருச்சு"ன்னு சபையே கத்துச்சு. நானும் கத்துனேன். அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் எனக்குத் தொண்டை கட்டிக்கிட்டு இருந்துச்சு.

பங்குனியில செண்பகம் மொதச் சாட்சி சொன்னா. என்ன சொன்னான்னு நெனைக்கிறீக? "எம்புள்ளைக்கு வலிப்பு இருந்துச்சு. எங்கம்மா அலைஞ்சு திரிஞ்சு மாத்திரை வாங்கியாந்தாக, நீங்கல்லாம் ஜெபம் பண்ணீக. இப்ப நல்லாருக்கா. ஸ்தோத்திரம்." அம்புட்டுத்தான். ஒரு அல்லேலூயா இல்ல. ரெண்டாம் வரிசையில ஒருத்தி வாயத் தொறந்து கொட்டாவி விடுதா. பாஸ்டர் "ஆமென்"னாரு, காதுல விழுந்தும் விழாமயும். எனக்குத்தான் அவமானமாப் போச்சு, நான் சொல்லிக்குடுத்த புள்ளையில்லையா? பாஸ்டரம்மா அப்புறமாக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு இன்னும் ஒரு கால அங்கயும் ஒரு கால இங்கயும் வச்சிருக்கு போல. ஆண்டு விழாவுல திரும்பச் சொல்லட்டும். அப்புறம் முழுக்கப் பாத்துக்கிடலாம்"னுட்டாக.

ரெண்டு வாரம் ஒக்கார வச்சுச் சொல்லிக்குடுத்தேன். மாத்திரையப் பத்திப் பேசாத, ஜனங்களுக்குக் கொழப்பமாயிரும். தாயத்துல இருந்து ஆரம்பி. "எங்கம்மா கட்டுன தாயத்து வழியாத்தான் பிசாசு எம்புள்ளைக்குள்ள வந்துச்சு. எங்கம்மாவே எம்புள்ளையப் பிசாசுக்கு ஒப்புக்குடுத்துட்டா"ன்னு சொல்லு. அப்புறம் தீய, சத்தத்த, நாத்தத்தச் சொல்லு.

அவ எம்முகத்தப் பாத்தா. "அக்கா, எங்கம்மா காதுல கெடந்ததக் கழட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாகக்கா."

"ஏ, கிறுக்கி. நீ அம்மாவச் சொல்லல. அம்மாவுக்குள்ள இருந்து வேலை செஞ்ச ஆவியச் சொல்ற. ரெண்டும் வேற வேற."

"கேக்குறவுகளுக்கு அது தெரியுமாக்கா?"

"நம்ம சபையில எல்லாருக்கும் தெரியும்"னேன். நெசம்தானே? நம்ம சபைக்காரவுகளுக்குத் தெரியும்.

வைகாசியில ஆண்டு விழா. காலையில பத்து மணி, பந்தல் போட்டு, தெரு மொனை வரைக்கும் ஸ்பீக்கர் குழாய் கட்டியாச்சு. நான் வழக்கம்போல வாசல்ல. ஒரு அம்மா வருது. அறுபது வயசிருக்கும். புதுச் சேலை, மடிப்புக் கூடக் கலையல. செருப்பக் கழட்டி ஓரமா வச்சுட்டு, உள்ள வரலாமா வேண்டாமான்னு நிக்கிது. போய்க் கையப் பிடிச்சேன். "வாங்கம்மா, பயப்படாதீங்க. என்ன கஷ்டம்?"

"கஷ்டம் ஒண்ணுமில்ல தாயி. எம்மக செண்பகம் இன்னைக்கு மைக்குல பேசுதாளாம். பக்கத்து வீட்டுப் புள்ள சொல்லுச்சு. அவ பள்ளிக்கொடத்துல கூட எந்திரிச்சு நின்னு பேசுனதில்ல. அதான் கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

முன்வரிசையில ஒக்கார வச்சேன். ஃபேனுக்கு நேரா. குடிக்கத் தண்ணி குடுத்தேன். பேத்தி ஓடி வந்து மடியில ஏறிக்கிட்டா.

அந்த எடத்துல நிறுத்தியிருக்கலாம் தங்கச்சி. பாட்டு நேரமே இருபது நிமிசம் ஓடுச்சு. செண்பகம் மேடைக்குப் பக்கத்துல இருந்து பாத்துட்டா. எங்கிட்ட ஓடி வாரா. "அக்கா, எங்கம்மா வந்திருக்காகக்கா. நான் பழைய மாதிரியே சொல்லிட்டு எறங்கிருதேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மனுசருக்குப் பயப்படுறவ ஆண்டவருக்கு எப்படிடி உண்மையா இருப்ப? அம்மா கேட்டு மனந்திரும்பட்டும். ஒனக்கு முழுக்கு வேணுமா வேண்டாமா?"

வேணும்னுதான் சொன்னா. பாவி, எங்கள விட்டா அவளுக்கும் வேற யாரு இருந்தாக? புருசன் மாசத்துக்கு ஒருக்கா வாரான். மத்த நாளெல்லாம் புள்ளைக்கு ஒண்ணுன்னா நாங்கதான் ஓடுவோம்.

சொன்னா. ஒரு எழுத்து பிசகாம, நான் சொல்லிக்குடுத்தபடியே சொன்னா. "எங்கம்மா"ன்னு அவ ஆரம்பிச்சதும் இந்த அம்மா மொகத்துல ஒரு சிரிப்பு, பக்கத்துல இருந்தவள இடிச்சு "நான்தான், நான்தான்"னு சொல்லுது. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமாச் சிரிப்பு எறங்குச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு நின்னேன். தீ, சத்தம், நாத்தம் எல்லாம் வந்து முடிஞ்சதும் சபையே எந்திரிச்சுக் கை தட்டுச்சு. அல்லேலூயா பந்தலப் பிச்சுக்கிட்டுப் போச்சு. இந்த அம்மாவும் தட்டுச்சு தங்கச்சி. எல்லாரும் தட்டுறாகளேன்னு தட்டுச்சோ, மக நல்லாப் பேசிட்டான்னு தட்டுச்சோ, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

சாப்பாட்டு நேரத்துல எங்கிட்ட வந்துச்சு. கோவமெல்லாம் இல்ல. வழி கேக்குற மாதிரிதான் கேட்டுச்சு. "அந்தத் தாயத்த எரிச்சுட்டீகளா தாயி?"

"ஆமாம்மா. அது சாத்தானோட கட்டு."

"அதுல எம்பேத்தியோட தொப்புள்கொடிதான் இருந்துச்சு. பெறந்து எட்டாம் நாளு விழுந்துச்சு. நான்தான் காயவச்சு அடைச்சேன். வேற ஒண்ணும் வைக்கல."

சொல்லிட்டு, பேத்தி தலையத் தடவிட்டுப் போயிருச்சு. சாப்பிடல. தட்டு போட்டது போட்டபடி இருந்துச்சு. எனக்கு அந்த நாத்தம் திரும்ப மூக்குல ஏறுச்சு. அது ஒரு பச்சப்புள்ளையோட கொடி. ஆத்தாளையும் புள்ளையையும் சேத்து வச்சிருந்த கொடி. அதக் கல்லு வச்சு நசுக்கித் தீயில போட்டு, நாங்க நாப்பது பேரு சுத்தி நின்னு கூப்பாடு போட்டிருக்கோம். புள்ள பெத்தவளா இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னமோ. பாஸ்டர்கிட்டச் சொன்னேன். அவரு, "நம்ம விசுவாசத்துலதானே செஞ்சோம்"னாரு. நல்ல மனுசன்தான். அவருக்கும் அன்னைக்குச் சோறு எறங்கல.

செண்பகத்துக்கு முழுக்கு ஆச்சு. சாராள்னு பேரு வச்சாக. எல்லாரும் கை குடுத்தாக. எனக்கு எம்புட்டுச் சந்தோசமா இருந்திருக்கணும்! ஆனா அன்னையில இருந்து அவ வாயத் தொறந்து ஜெபிக்கல. பாட்டுக்கு ஒதடு மட்டும் அசையும். அப்புறம் அதுவும் இல்ல. மூணு ஞாயிறா ஆளே வரல. "போய் என்னான்னு பாத்துட்டு வா லீதியாளு"ன்னு பாஸ்டரம்மா அனுப்புனாக.

இந்தச் செவ்வாக்கெழமைதான் போனேன். காலையில பதினோரு மணி இருக்கும். அவ காப்பி போட்டுக் குடுத்தா. புள்ள தரையில ஒக்காந்து வெளையாடுது. அப்ப வெளிய கதவுக் கொண்டியில ஏதோ மாட்டுற சத்தம். கதவு சாத்தித்தான் இருந்துச்சு. செண்பகம் அப்படியே ஒறைஞ்சு போயிட்டா. "எங்கம்மாக்கா. மாத்திரை. மாசாமாசம் வந்து மஞ்சப்பையக் கொண்டியில மாட்டிட்டுப் போயிருதாக. கூப்பிட மாட்டாக."

"போய்த் தொறடி!"

"தொறந்து என்னக்கா சொல்ல?" அவ கண்ணுல இருந்து தண்ணி ஊத்துது. "நீங்க சொல்லிக்குடுங்கக்கா. இதுக்கும் சொல்லிக்குடுங்க."

என் வாயில ஒண்ணும் வரல. எனக்கு! இருபது வருசமா ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தவளுக்கு!

காப்பியக் கீழ வச்சுட்டு நான் ஓடுனேன். அந்த அம்மா பஸ் ஸ்டாப்புல நின்னுச்சு. மூச்சு வாங்கி நிக்கிறேன், மன்னிப்புக் கேக்கணும்னுதான் நெனச்சேன், ஆனா வந்தது வேற. "அம்மா, செண்பகம் ஒங்களச் சொல்லல, அந்த ஆவியத்தான்..."ன்னு ஆரம்பிச்சுட்டேன். பழக்கம், பாருங்க.

அது என் கையப் பிடிச்சுச்சு. ஆண்டு விழாவுல நான் பிடிச்சேன்ல, அதே மாதிரி. "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் தாயி. எம்மக எங்க வேணாலும் சாமி கும்பிடட்டும். அவளுக்கு ஒரு ஆத்திர அவசரம்னா ஓடியார நீங்க நாலு பேரு இருக்கீகள்ல, அது போதும். ஒங்க கூட்டத்துல அம்மாவ அப்படிச் சொன்னாத்தான் சேப்பாகன்னா, இன்னும் ரெண்டு வார்த்தை கூடவே சொல்லிக்கிடச் சொல்லுங்க. நான் தாங்கிக்கிடுதேன். புள்ளைக்கு மட்டும் மாத்திரைய நிறுத்திராதீக."

அதக் கேட்டதும் எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா தங்கச்சி? ஒங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க கழுகுமலையில எறங்கிருவீக. "அடேயப்பா, இத ஞாயித்துக்கிழமை சொன்னா சபையே அழுதுருமே"ன்னு தோணுச்சு. தோணுன ஒடனே என்னப் பாத்து எனக்கே பயம் வந்துருச்சு.

அப்ப பஸ் வந்துருச்சு. படியில ஒரு கால வச்சுட்டுத் திரும்பி, அந்த அம்மா கேட்டுச்சு. குத்திக் கேக்கல, வெள்ளந்தியாத்தான் கேட்டுச்சு. எல்லாருக்கும் இதுதான் நடைமுறை போலன்னு நெனச்சிருக்கும். "நீங்க இதுல சேரும்போது யாரத் தாயி சொன்னீக?"

கண்டக்டர் விசில் அடிச்சுட்டான். பஸ் போயிருச்சு.

எங்கண்ணனச் சொன்னேன் தங்கச்சி. என் வீட்டுக்காரரு செத்து, நான் இந்தச் சபைக்குப் போகவும், "எங்கண்ணன் குடிச்சுட்டு வந்து என்னைத் தெருவுல போட்டு அடிச்சான், தலைமயிரப் பிடிச்சு இழுத்து வீட்டவிட்டு வெரட்டுனான்"னு சொன்னேன். இருபத்திரெண்டு வருசமாச் சொல்லுதேன். எத்தனை ஊரு, எத்தனை மேடை! மொத வருசம் அடிச்சான்னு மட்டுந்தான் இருந்துச்சு. தலைமயிரு எப்ப வந்துச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்ல.

நெசமா நடந்தது, அண்ணன் ஒரு தடவை கைய ஓங்குனாரு. எங்கம்மா கும்பிட்ட படத்தையெல்லாம் நான் குப்பையில போட்டேன், அன்னைக்கு. ஓங்குன கையை அப்படியே கீழ போட்டுட்டு வெளிய போயி ஒக்காந்துக்கிட்டாரு. குடிக்கிற ஆளே கெடையாது. என் புருசன் செத்த வருசம் பூரா மாசாமாசம் அரிசி மூட்டையத் தோள்ல வச்சுக் கொண்டாந்து எறக்குனவரு அவருதான். என் சாட்சி ஊருக்குள்ள பரவுனதுக்கு அப்புறம் அரிசி வரல. மகன் கல்யாணத்துக்குப் பத்திரிக்கை வைக்கல. விசுவாசத்துக்காக வார உபத்திரவம்னு அப்ப நெனச்சுக்கிட்டேன்.

பாருங்க, இன்னைக்குக் கூட அதுக்குத்தான் போறேன். சங்கரன்கோயில்ல எங்க கிளைச் சபை, புதுசா ஏழெட்டுப் பேரு வாராகளாம். சாட்சி எப்படிச் சொல்லணும்னு காட்ட என்னையச் சொல்லச் சொல்லியிருக்காக. நாலு நாளா வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாக்கேன், அந்த எடம் வந்ததும் நாக்கு நின்னுருது. அண்ணன எடுத்துட்டா என் சாட்சியில என்ன மிஞ்சும்? "வாங்கம்மா"ன்னு சொன்னாக, வந்தேன். அம்புட்டுத்தான் மிஞ்சும். அதுக்கு யாரு கை தட்டுவா?

அந்தா, மலை தெரியுது, எந்திரிங்க. பையை எடுத்துக்கிடுங்க, மறந்துறாதீங்க.

அண்ணன்கிட்டப் போய் மன்னிப்புக் கேக்க வேண்டியதுதானேன்னு பாக்குறீகளா? அவரு போயி ஏழு வருசமாச்சு தங்கச்சி. சாவுக்கு எனக்குச் சொல்லி விடல. அதையும் என் சாட்சியில சேத்துக்கிட்டேன்.